எம்பிஏ அப்ளிகேஷன்: டிபி வந்த செமஸ்டரில் விழுந்த அரியரை எப்படி எழுதுவது?

கொருக்குப்பேட்டை_கேட்

தங்கச்சிக்காகக் கேக்குறேன். அண்ணா பல்கலை இணைப்புக் கல்லூரி, இசிஇ, 2021 பேட்ச். நாலாவது செம் ஓடிட்டிருந்தப்போ, 2023 பிப்ரவரியில், நுரையீரல் டிபி (காசநோய்). ஆறு மாசம் மாத்திரை, ஆகஸ்ட்டில் முடிஞ்சது. அந்த செம்மில் அட்டெண்டன்ஸ் 68%, ரெண்டு பேப்பர் போச்சு. நவம்பர்/டிசம்பர்ல ரெண்டையும் கிளியர் பண்ணிட்டா. மத்த செம் எல்லாம் 8-க்கு மேல, இது மட்டும் 6.4.

இப்போ அமெரிக்காவுல ரெண்டு காலேஜ், இங்கிலாந்துல ஒண்ணு, கூடவே ஐஐஎம். எஸ்ஓபி-யிலயே (ஏன் இந்தப் படிப்புன்னு எழுதுற ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்) சொல்லிடலாமா? டிபின்னு பேர் போடணுமா? பழைய தேதி போட்டு ஒரு எம்சி (மெடிக்கல் சர்டிபிகேட்) வாங்கிக்கலாம்னு வீட்ல பேச்சு ஓடுது, அது வேற பயமா இருக்கு.

மிண்ட்_மணிக்கூண்டு

எஸ்ஓபி-யில வேண்டாம் தம்பி. அது அவ என்ன செய்யப் போறாங்கிறதுக்கான இடம். அமெரிக்க எம்பிஏ ஃபார்ம்ல பெரும்பாலும் ஆப்ஷனல் எஸ்ஸேன்னு ஒரு கட்டம் இருக்கும், இதுக்குத்தான் அது.

எழுதுறதுக்கு முன்னாடி நாலாவது செம் கிரேடு ஷீட்டை எடுத்து, அப்ளிகேஷனைப் படிக்கிறவங்க கண்ணால பாருங்க. 'பாஸ் ஆன மாதம், ஆண்டு' பகுதியில மத்த பேப்பருக்கெல்லாம் ஏப்ரல்/மே 2023, ரெண்டுக்கு மட்டும் நவம்பர்/டிசம்பர் 2023. ஜிபிஏ கணக்குல ஃபெயில் ஆன பேப்பர் சேராது. அதனால அந்த 6.4 பாஸான பேப்பரோட கதை மட்டும்தான். அரியரைக் காட்டிக் கொடுக்கிறது அந்தத் தேதிதான். அங்க எழும் கேள்விக்குப் பதில் சொன்னா போதும், ஒரு வரிகூட அதிகம் வேண்டாம்.

150 முதல் 200 சொல்லுக்குள்ள முடிங்க. இங்கிலீஷ்ல எழுதும்போது இந்த ஓட்டம் இருக்கட்டும்:

"2023 பிப்ரவரியில் எனக்கு நுரையீரல் காசநோய் உறுதியானது. ஆறு மாதச் சிகிச்சை ஆகஸ்டில் முடிந்தது. முதல் இரண்டு மாதம், நான்கு மருந்துகள் சேர்ந்த கட்டத்தில், வகுப்புக்குச் சரியாகப் போக முடியவில்லை; வருகை 68%. அந்த செமஸ்டரில் இரண்டு பாடங்களில் தேறவில்லை. அடுத்த தேர்விலேயே இரண்டையும் முடித்தேன். ஐந்து முதல் எட்டு வரை எல்லா செமஸ்டரும் 8-க்கு மேல்."

'மிகவும் மனம் உடைந்துபோனேன்', 'துரதிர்ஷ்டவசமாக', 'தயவுசெய்து கருத்தில் கொள்ளவும்' மூணையும் அடிச்சிடுங்க. கெஞ்சல் தொனி வந்தா, அந்த நம்பரையே சந்தேகப்படுவாங்க. இன்னொண்ணு, மூணாவது செம்ல ஏதாவது பேப்பர் சுமாரா இருந்தா அதையும் இந்த நோய் மேல ஏத்திடாதீங்க. நோய் பிப்ரவரியில வந்தது. அதுக்கு முந்தின தேர்வை அது கெடுத்திருக்க முடியாது. தேதி ஒத்துவரலைன்னா உண்மையான பகுதியும் சேர்ந்தே விழுந்துடும்.

தேரடி_திருவொற்றியூர்

பழைய தேதி எம்சி பக்கமே போகாதீங்க. அட்மிஷன் கிடைச்ச பிறகும் சரிபார்ப்பாங்க, பொய்னு தெரிஞ்சா சீட்டைத் திரும்ப எடுத்துக்குவாங்க. அதைவிட, உங்களுக்கு அது தேவையே இல்லை.

அட்டெண்டன்ஸ் 68% இருந்தும் எக்ஸாம் எழுதியிருக்கா இல்லையா? அண்ணா பல்கலையில 75% கட்டாயம். மருத்துவக் காரணம்னா 65% வரைக்கும் கண்டோனேஷன், அதாவது குறைவை மன்னிச்சு எக்ஸாம் எழுத விடுறது. அப்போ 2023-லயே எம்சி வச்சு விண்ணப்பம் குடுத்து, பிரின்சிபல் கையெழுத்து ஆகியிருக்கணும். அதோட நகலைக் காலேஜ் ஆபீஸ்ல கேளுங்க. வெளிநாட்டு அட்மிஷன் நினைப்பே இல்லாத நாள்ல எழுதின தாள், அதனால இன்னைக்கு எந்த டாக்டர் குடுக்கிற லெட்டரையும்விட இதுக்குத்தான் மதிப்பு.

அடுத்தது சிகிச்சைப் பதிவு. கார்ப்பரேஷன் ஆரம்ப சுகாதார நிலையம், ஸ்டான்லி ஆஸ்பத்திரி, தனியார்னு எங்க மாத்திரை வாங்கியிருந்தாலும் நிக்ஷய் ஐடி (அரசோட டிபி பதிவு நம்பர்) போட்டிருக்கணும். அந்த நம்பரை வச்சு, சிகிச்சை ஆரம்பிச்ச தேதி, முடிஞ்ச தேதி, முடிவு மூணும் இருக்கிற மாதிரி ஒரு பக்க லெட்டர் வாங்குங்க. முடிவுல 'க்யூர்ட்'-டா, 'ட்ரீட்மென்ட் கம்ப்ளீட்டட்'-டான்னு பாருங்க. கடைசியில சளிப் பரிசோதனை நெகடிவ்னு வந்திருந்தாதான் முதல் சொல். ரெண்டும் நல்ல முடிவுதான், ஆனா லெட்டர்ல ஒண்ணும் எஸ்ஸேல ஒண்ணும் இருக்கக் கூடாது.

எக்ஸ்ரே, ரத்த ரிப்போர்ட்னு இருபது பக்கம் அப்லோடு பண்ணாதீங்க. கேட்டா குடுக்க ஒரே பிடிஎஃப்ல ரெடியா இருக்கட்டும், அவ்வளவுதான்.

எம்சி_ரோடு

பேர் விஷயத்துல மிண்ட் அண்ணனோட எனக்குக் கொஞ்சம் வேறுபாடு. டிபின்னு எழுதியே ஆகணும்னு இல்லை. 'ஆறு மாதச் சிகிச்சை தேவைப்பட்ட நுரையீரல் தொற்று'ன்னாலும் உண்மைதான். 'ஹெல்த் இஷ்யூஸ்'னு மொட்டையா விடுறதுதான் தப்பு, என்னவோ மறைக்கிற மாதிரி இருக்கும். வட சென்னையில டிபின்னு சொன்னா அக்கம்பக்கம் எப்படிப் பாக்கும்னு எல்லாருக்கும் தெரியும். எஸ்ஸேவைப் படிக்கிறவங்க வெளிநாட்டுல இருக்காங்க, ஆனாலும் முடிவு அவளோடது.

இங்கிலாந்துக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு வேலை. ஆறு மாசத்துக்கு மேல தங்குற விசான்னா, இந்தியாவில இருந்து போறவங்க அங்கீகரிக்கப்பட்ட கிளினிக்ல டிபி டெஸ்ட் எடுக்கணும். முதல்ல நெஞ்சு எக்ஸ்ரே. பழைய டிபி நுரையீரல்ல தழும்பு விட்டிருக்கலாம். அது தெரிஞ்சா சளி கேப்பாங்க: மூணு நாள் தொடர்ந்து காலையில மூணு சாம்பிள், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பாக்குற டெஸ்ட்) ரிசல்ட்டுக்கு ரெண்டு மாசம் வரை ஆகும். செப்டம்பர் கிளாஸுக்கு ஆகஸ்ட்டுல டெஸ்ட்டுக்குப் போய் நின்னா பேஜார்தான். அதுக்காக ஜனவரியிலயே எடுத்துடாதீங்க, சர்டிபிகேட் ஆறு மாசம்தான் செல்லும். மே மாசம் போனா சரியா இருக்கும். சிகிச்சை முடிஞ்சப்ப எடுத்த எக்ஸ்ரே ஃபிலிம் பீரோவுல இருந்தா கையோட கொண்டு போங்க.

ஐஐஎம்-ல முதல் வடிகட்டலுக்கு கேட் (CAT நுழைவுத் தேர்வு) ஸ்கோரோட பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மார்க்னு ஃபார்முலாதான். விளக்கத்துக்கு அங்க இடமே கிடையாது. இன்டர்வியூவுல கேட்டா ரெண்டு வாக்கியம், அதே தேதிகள்.

கொருக்குப்பேட்டை_கேட்

கண்டோனேஷன் ஃபார்ம் நகல் வீட்லயே இருக்கு, 'பல்மனரி டிபி'ன்னே எழுதியிருக்கு. எச்ஓடி-தான் லெட்டர் ஆஃப் ரெகமண்டேஷன் குடுக்கிறார். அவரும் இதைச் சொல்லணுமா?

மிண்ட்_மணிக்கூண்டு

சொன்னா நல்லது, ஒரே வாக்கியம் போதும்: சிகிச்சை முடிஞ்சு வந்து, அஞ்சாவது செம் பாடங்களோட ரெண்டு அரியரையும் சேர்த்து எழுதினா, அதை அவர் நேர்ல பார்த்தார்னு. நோய் பேரை அவரா எழுதிடாம இருக்க, தங்கச்சியோட எஸ்ஸேவை முதல்ல அவர்கிட்ட காட்டிடுங்க. அவ எஸ்ஸேல 'நுரையீரல் தொற்று'ன்னு போட்டு அவர் லெட்டர்ல 'டிபி'ன்னு இருந்தா, அதுக்கு இன்னொரு விளக்கம் எழுத வேண்டி வரும்.