நிலக்கரி வாயுக்கூடங்களுக்கு இயந்திரம் வந்தது யாருக்காக?

எழிலன்:
நிலக்கரியைச் சூடாக்கி விளக்கெரிக்கும் வாயு எடுத்த விக்டோரியா காலத்து லண்டன் வாயுக்கூடங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ஆட்களின் வேலையைப் பறித்தது என்று கரி போடும் இயந்திரத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுகிறார்கள். அது வருவதற்கு முன் இருந்த வேலையைப் பாருங்கள். தகதகவென்று காயும் ரிடார்ட்டின் (கரியைச் சூடாக்கும் மூடிய கலத்தின்) மூடியைத் திறந்து, வாயு போன பின் மிஞ்சும் எரியும் கோக்கை நீண்ட கம்பியால் இழுத்துத் தள்ளிவிட்டு, சூடு ஆறுவதற்குள் புதுக்கரியை உள்ளே போட வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்; பகல் ஆட்களும் இரவு ஆட்களும் முறை மாறும் ஞாயிறன்று அதற்கும் மேல். ஜான் வெஸ்ட், கிளாஸ்கோவின் வில்லியம் ஃபவுலிஸ் போன்றவர்கள் செய்த இயந்திரங்கள் மனிதனை இந்த உலைவாயிலிருந்து மீட்டன. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கயல்விழி:
மீட்டனவா, வேலையை விட்டுத் துரத்தினவா? முதலாளிகளுக்கு அத்தனை இரக்கம் இருந்திருந்தால் 1872 வேலைநிறுத்தம் அப்படி முடிந்திருக்காது. லண்டனின் பெக்டன் வாயுக்கூடத் தொழிலாளர்கள் ஐவருக்குச் சதிக்குற்றம் சாட்டி ஓராண்டுச் சிறை விதித்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே தண்டனை குறைந்தது. 1889 மார்ச்சில் அதே பெக்டனில் ஆட்குறைப்பு நடந்த பிறகுதான் அங்கே வேலை பார்த்த வில் தார்ன் வாயுத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார். அவருக்கு எழுதப் படிக்கக் கைகொடுத்தவர் கார்ல் மார்க்ஸின் மகள் எலினார். எட்டு மணி நேர வேலையைப் பெற்றுத்தந்தது அந்தச் சங்கம், இயந்திரம் அல்ல.

எழிலன்:
என் வாதத்துக்கு நீங்களே வலுச் சேர்க்கிறீர்கள். எட்டு மணி நேரம் என்றால் இரண்டு குழுக்கள் மூன்றாகும், கூலிச்செலவு ஏறும். அதற்குப் பிறகுதான் இயந்திரத்துக்குப் பணம் போடுவது லாபமாகத் தெரிந்தது. சங்கம் கேட்டது, இயந்திரம் வந்தது. இதில் யாருக்கு நட்டம்?

மாறன் (ஆலைப் பொறியாளர்):
நடுவில் புகுகிறேன். இருவரும் பருவத்தை மறந்துவிட்டீர்கள். விளக்கெரிக்க விற்ற வாயு அது. குளிர்காலத்தில் தேவை ஏறும், கோடையில் சரியும். கோடையில் ஆளை நிறுத்திவிடலாம். அவர் செங்கல் சூளைக்குப் போவார். இயந்திரத்தை அப்படி அனுப்ப முடியாது. சும்மா நின்றாலும் அதில் போட்ட பணத்துக்கு வட்டி ஓடும். ஆகவே ஆள் மலிவாகக் கிடைத்தவரை இயந்திரம் காத்திருந்தது. ரிடார்ட்டுகள் நீண்ட வரிசையாக இருந்தால்தான் தண்டவாளத்தில் ஓடும் இயந்திரம் கட்டுப்படியாகும். சிறிய ஊர்க்கூடங்களில் மண்வெட்டியே தொடர்ந்தது. சாய்வு ரிடார்ட், பின்னர் செங்குத்து ரிடார்ட் வந்தபோது கரி தன் எடையாலேயே இறங்கியது. உண்மையான மாற்றம் என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

கயல்விழி:
மாறன் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எழிலன், தென் லண்டனில் நடந்ததற்கு என்ன பதில்? சவுத் மெட்ரோபாலிட்டன் வாயு நிறுவனத்தில் அதன் தலைவர் ஜார்ஜ் லிவ்சி லாபத்தில் பங்கு தருவதாகச் சொன்னார். அதற்கான ஒப்பந்தம் சங்கத்தின் கையைக் கட்டுவதாக இருந்தது. 1889 டிசம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தத்தை வெளியாட்களை இறக்கி முறியடித்தார். அங்கே சங்கத்தைத் தோற்கடிக்க இயந்திரம்கூடத் தேவைப்படவில்லை.

எழிலன்:
லிவ்சிக்காக நான் வாதாடவில்லை. அந்த வெளியாட்களும் அதே உலையின் முன்தான் நின்றார்கள். அவர்கள் கையில் இருந்ததும் மண்வெட்டிதான்.