துப்பாக்கியின் குழாய் சேஸிஸில் லக் முட்ட வேண்டுமா, வேண்டாமா?

செவ்வாய்ப்பேட்டை லேத்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "குழாய் சேஸிஸ் வந்த பிறகு பெட்டிங் எல்லாம் வீண் வேலை. ரெமிங்டன் 700 ஆக்‌ஷனை உள்ளே விடு, இரண்டு ஸ்க்ரூவை முறுக்கு, சுடு." புதியவர்களுக்கு: குழாய் சேஸிஸ் என்பது மரக்கட்டைக்குப் பதிலாகத் துப்பாக்கியைத் தாங்கும் அலுமினியக் குழாய்ச் சட்டம். ஆக்‌ஷன் என்பது போல்ட்டும் அது ஓடும் கூடான ரிசீவரும். பெட்டிங் என்பது ஆக்‌ஷன் அசையாமல் உட்கார இடைவெளியை எபாக்சியால் நிரப்புவது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. சுடும்போது வரும் உதையைத் தாங்குவது ஸ்க்ரூ இல்லை, ரீகாயில் லக், அதாவது ரிசீவரின் முன்பக்கம் கீழே துருத்தி நிற்கும் எஃகு முட்டு. லக்கின் பின்முகம் சேஸிஸில் முழுசாக முட்டி நிற்க வேண்டும். முட்டாவிட்டால் குண்டுக்குக் குண்டு ஆக்‌ஷன் மயிரிழை நகரும். முப்பது வருடமாக லேத் பிடித்த கை சொல்கிறது.

ஏற்காடு காப்பி:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம் அண்ணா. பெட்டிங் மரக்கட்டைக்கு வேண்டும். எங்கள் மலையில் மழைக்காலத்தில் கட்டை ஈரம் குடித்து ஊதும். அலுமினியம் ஊதுமா? 65 இஞ்ச்-பவுண்டு, அதாவது 7.3 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் உராய்வே பிடித்துக்கொள்ளும். அதுவும் ரெமிங்டன் லக், குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவில் செருகிய ஒரு வாஷர். அதற்கா இத்தனை மரியாதை?

செவ்வாய்ப்பேட்டை லேத்:
வாஷரா! மவுசர் 98 ரைபிளில் லக் ரிசீவரோடு ஒரே துண்டு. ரெமிங்டனில் தனித்தகடு. தனியாக இருப்பதால் அதன் வேலை குறைந்துவிடுமா? அலுமினியம் ஈரத்துக்கு ஊதாது, சரி. வெயிலுக்கு? ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு எஃகு 12 மைக்ரான் நீளும், அலுமினியம் 23. ஏற்காட்டில் காலை 20 டிகிரியில் பூட்டி, சேலத்தில் மதியம் 40 டிகிரியில் சுட்டால் 200 மி.மீ நீளத்தில் 0.04 மி.மீ வித்தியாசம் வரும். இப்போது சொல்லுங்கள், லக் முட்டுகிறதா இல்லையா?

ஏற்காடு காப்பி:
செய்தித்தாள் தாளே அதைவிடத் தடிமன். இதற்கா இந்தக் கூச்சல்?

300 மீட்டர்:
இருவரும் எந்தச் சேஸிஸைப் பற்றிப் பேசுகிறீர்கள்? குழாய்க்குள் ஆக்‌ஷனை எபாக்சி பசை போட்டு நிரந்தரமாக ஒட்டுகிற வகை ஒன்று. ஸ்க்ரூவால் பூட்டிக் கழற்றுகிற வகை வேறு. ஒட்டினால் உதையை எபாக்சியே வாங்கிக்கொள்ளும். எதுவென்று சொன்னால் பாதிச் சண்டை குறையும்.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
எதுவானாலும் லக் முட்ட வேண்டும். இன்னொன்றும் கேளுங்கள். ரெமிங்டன் ஆக்‌ஷன் உருளை, குழாயின் உட்புறமும் உருளை. உட்புறம் மயிரிழை பெரிதாகக் கடைந்திருந்தாலும் ஆக்‌ஷன் ஒரே ஒரு கோட்டில்தான் உட்காரும். அப்புறம் இடமும் வலமுமாகப் புரளும். நம்பாதவர்கள் போல்ட்டைக் கழற்றி, குண்டு அறை காலி என்று கண்ணால் பார்த்துவிட்டு, லக்கின் பின்முகத்தில் நீல மை தடவிப் பூட்டிக் கழற்றிப் பாருங்கள். மை எங்கே ஒட்டுகிறதோ அங்கேதான் முட்டுகிறது. போன மாதம் ஒரு நண்பரின் சேஸிஸில் ஒரு மூலையில் மட்டும் பொட்டு மாதிரி ஒட்டியது. நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைக் குழலில் வைத்து முன் ஸ்க்ரூவைத் தளர்த்தியதும், முள் 0.1 மி.மீ தாண்டியது. 0.05க்கு மேல் போனாலே ஆக்‌ஷன் வளைந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

தாத்தா துப்பாக்கி:
எங்கள் வீட்டில் இஷாப்பூர் .315 ரைபிள் இருக்கிறது, தாத்தா காப்பித் தோட்டத்துக்காக லைசென்ஸ் வாங்கியது. அதைக் குழாயில் போடலாமா?

செவ்வாய்ப்பேட்டை லேத்:
முடியாது. அது லீ-என்ஃபீல்ட் அமைப்பு. பின்கட்டையைச் செருகும் சாக்கெட் ரிசீவரோடு ஒரே வார்ப்பாகத் துருத்திக்கொண்டிருக்கும், குழாய்க்குள் எப்படி நுழையும்? லக் வைத்த ஆக்‌ஷனைப் பற்றிப் பேசும்போது இதை ஏன் நடுவில் கொண்டு வருகிறீர்கள்?

தாத்தா துப்பாக்கி:
கேட்டது ஒரு கேள்வி. வார்ப்பு, துருத்தல் என்று ஏளனம் எதற்கு? அந்தத் துப்பாக்கியின் சத்தத்துக்கே பன்றிகள் எஸ்டேட் வேலியைத் தாண்டாது. உங்கள் லக்கால் அது முடியுமா?

300 மீட்டர்:
வார்ப்பு என்பதும் தவறு, அது ஃபோர்ஜிங். இன்னொன்று. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு, பழுது பார்க்கவும் மாற்றியமைக்கவும் உரிமம் கேட்கிறது. நண்பரின் துப்பாக்கியை லேத் பட்டறையில் கழற்றினேன் என்று பொதுவில் எழுதுவது நல்லதா?

செவ்வாய்ப்பேட்டை லேத்:
பட்டறையில் என்று நான் எங்கே எழுதினேன்? உரிமம் உள்ள ஆயுதக் கடையில், அந்தக் கடைக்காரர் கையால் பூட்டியது. நான் மையும் கேஜும் கொண்டுபோனேன், அவ்வளவுதான். ஃபோர்ஜிங், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லக் விஷயத்தில் ஒரு அடி பின்வாங்க மாட்டேன்.

ஏற்காடு காப்பி:
ஒரு வழியாக ஒன்றில் தவறு என்று வந்தது. என் துப்பாக்கி நூறு மீட்டரில் ஐந்து குண்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் போடுகிறது. லக் முட்டுகிறதா என்று இலக்கைக் கேளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
எத்தனை டிகிரியில் சுட்டீர்கள்? பனி மூட்டத்தில் காலை ஏழு மணிக்கா? மே மாதம் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வாருங்கள், மதியம் இரண்டு மணிக்கு அதே நாணயத்தைக் காட்டுங்கள். வரும்போது ஒன்றரை வருடத்துக்கு முன் வாங்கிப்போன, குறித்த முறுக்கு வந்ததும் சொடுக்குகிற என் டார்க் ரென்ச்சையும் கொண்டு வாருங்கள்.

ஏற்காடு காப்பி:
ரென்ச்சை அப்போதே உங்கள் தம்பியிடம் கொடுத்தாகிவிட்டது. 65-க்கு வைத்தால் 50-இலேயே சொடுக்கிற ரென்ச். அதை வைத்துக்கொண்டுதான் எனக்கு லக் பாடமா?

செவ்வாய்ப்பேட்டை லேத்:
அந்த ரென்ச் 50-இல் சொடுக்கியது என்றால் உங்கள் ஸ்க்ரூ இப்போது 50-இல்தான் நிற்கிறது. உராய்வு பிடிக்கும் என்றீர்களே, எதைப் பிடிக்கும்? நீல மை தடவிப் படம் போடுங்கள். லக் முட்டுகிறதா?