ஃபண்டஸ் கேமரா படங்களில் ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி: லென்ஸ் அழுக்கா, உள்ளே கோளாறா?

கேள்வி: விஷன் சென்டர், நாகை

வணக்கம். சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரை ஸ்கிரீனிங் செய்கிறோம். மேசையில் வைக்கும் நான்-மிட்ரியாட்டிக் ஃபண்டஸ் கேமரா (கண்மணியை மருந்து விட்டு விரிக்காமலே விழித்திரையைப் படமெடுப்பது), 45 டிகிரி அகலம் வரை பதியும். ஒரு வாரமாக எல்லாப் படத்திலும் 2 மணி திசையில் ஓரம் மங்கிய இரண்டு வெள்ளைப் புள்ளிகள், பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். கீழே இடப்பக்கம் கூர்மையான சின்னக் கறுப்புப் புள்ளி. வெள்ளைப் புள்ளிகளை எக்ஸுடேட் (விழித்திரையில் கசிந்து படியும் கொழுப்பு) என்று நினைத்து இரண்டு நோயாளிகளை டாக்டர் மறுபடி வரச் சொல்லிவிட்டார். ப்ளோயர் அடித்தும் போகவில்லை. கையில் இருப்பது சர்ஜிக்கல் ஸ்பிரிட், பஞ்சு, கண்ணாடிக் கடைத் துணி. இவை போதுமா? சர்வீஸ் இன்ஜினியர் வரப் பத்து நாள் ஆகுமாம்.

ஆப்டோமெட்ரிஸ்ட், நெல்லை

முதல்ல ஒரே நோயாளியோட வலது, இடது கண் படங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 2 மணி திசையில இருக்கிற புள்ளி வலது கண்ணுல டிஸ்க்குக்கு (பார்வை நரம்பு தொடங்குற வட்டம்) மேலே விழும். இடது கண்ணுல அதே இடம் மாக்குலாவை, அதாவது கூர்மையான பார்வைக்கான நடுப்பகுதியைத் தாண்டி வெளிப்பக்கம். நோய்னா இப்படி ஃபிரேம்ல ஒரே இடத்துல உட்காராது. நோயாளியைப் பார்வையை மாத்தச் சொல்லி இன்னொரு படம் எடுங்க. ரத்தக்குழாய் நகர்ந்தும் புள்ளி நகரலைன்னா கேமராதான். டாக்டர்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க, இந்த வாரம் எடுத்த படங்களை எல்லாம் திரும்பப் பார்க்கணும்.

ஓரத்துல நீலம் கலந்த வெள்ளை வளையம் வந்தா அது அழுக்கு இல்லை, கேமரா கண்ணுக்கு ரொம்பக் கிட்டவோ தள்ளியோ இருக்கு. படம் முழுக்க மங்கல்னா கண்புரையோ கண்ணீர்ப் படலமோ காரணமா இருக்கலாம். நாலைஞ்சு தடவை கண் சிமிட்டச் சொல்லி மறுபடி எடுத்துப் பாருங்க.

பயோமெடிக்கல், மதுரை

ஸ்பிரிட்டை லென்ஸ் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பிரிட்டிஷ் பார்மகோபியா (மருந்துத் தர நூல்) முறைப்படி செய்யும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய், மெத்தில் சாலிசிலேட், டையெத்தில் தாலேட் எல்லாம் சேர்கின்றன. ஆல்கஹால் ஆவியான பிறகு எண்ணெய்ப் படலம் லென்ஸிலேயே தங்கிவிடும். கண்ணாடிக் கடைத் துணி சிலவற்றில் சிலிகோன் ஏற்றியிருப்பார்கள், அதுவும் வேண்டாம். பஞ்சு நார் விடும். அசிட்டோன், அமோனியா கலந்த கிளாஸ் கிளீனர், ஸ்ப்ரே டப்பாக் காற்று மூன்றும் கூடாது.

துடைப்பதற்கு முன் அழுக்கு எங்கே என்று பாருங்கள். அறையை இருட்டாக்கி, ஓரடிக்கு அப்பால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, வழக்கமான ஃப்ளாஷில் ஒரு படம் எடுங்கள். ஃப்ளாஷ் வெளிச்சம் வெளியே போவதும் படம் உள்ளே வருவதும் முன்பக்கமுள்ள ஒரே அப்ஜெக்டிவ் லென்ஸ் வழியாகத்தான். அதன் மேல் தூசி இருந்தால் வெளிச்சம் சிதறி நேராக கேமராவுக்கே திரும்பும். விழித்திரையிலிருந்து வரும் வெளிச்சம் மிகக் குறைவு என்பதால் அந்தச் சிதறல் வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சென்று தெரிகிறது. கறுப்புப் படத்திலும் அது வந்தால் லென்ஸ்தான்.

கறுப்புப் புள்ளிக்கு வேறு சோதனை: ஒரே சீரான வெளிச்சத்தில் வெள்ளைத் தாளைப் படம் எடுங்கள். அதே இடத்தில் கூர்மையாக வந்தால் படத்தைப் பதியும் சென்சாரில் தூசி.

விஷன் சென்டர், நாகை

கறுப்புப் படத்தில் இரண்டு புள்ளியும் தீற்றலும் அப்படியே வருகின்றன சார். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் லென்ஸில் காய்ந்த சொட்டு போலத் தெரிகிறது. வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளி வருகிறது.

பயோமெடிக்கல், மதுரை

காய்ந்த சொட்டு என்றால் பெரும்பாலும் கண்ணீர், அல்லது நோயாளி தும்மியதில் தெறித்தது. அதில் உப்பும் புரதமும் இருக்கும். ஆல்கஹால் உப்பைச் சரியாகக் கரைக்காது, புரதத்தை இறுக வைத்துவிடும். அதனால் முதலில் தண்ணீர், பிறகுதான் ஆல்கஹால்.

வாங்க வேண்டியவை: நார் விடாத லென்ஸ் பேப்பர், டிஸ்டில்டு வாட்டர், 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அப்சொல்யூட் எத்தனாலும் நல்லதுதான், ஆனால் உரிமம் இல்லாமல் கிடைப்பது கடினம். 70% ஆல்கஹால் தாடை, நெற்றி வைக்கும் இடங்களுக்கு மட்டும். அதிலுள்ள தண்ணீர் லென்ஸில் கறை விடும். வாங்கிய ஆல்கஹாலை ஒரு சொட்டு சுத்தமான கண்ணாடி ஸ்லைடில் விட்டுக் காயவிட்டு டார்ச்சில் பாருங்கள். வளையம் தெரிந்தால் அந்தப் பாட்டிலே வேண்டாம். நான் இந்தச் சோதனையை ஒவ்வொரு புதுப் பாட்டிலுக்கும் வலியுறுத்துவேன். ரப்பர் மூடி டிராப்பரிலும் ஊற்றி வைக்காதீர்கள்.

கேமராவை அணைத்து ஆறவிடுங்கள். ப்ளோயரை முதலில் வேறு பக்கம் இரண்டு முறை அமுக்கி, அதற்குள் இருக்கும் தூசியை வெளியேற்றிவிட்டு லென்ஸில் அடியுங்கள். மணல் துகள் ஒன்று மிச்சமிருந்தாலும் துடைக்கும்போது லென்ஸ் மேல் பூசிய கோட்டிங்கில் கீறல் விழும். லென்ஸ் பேப்பரை விரல் படாதபடி மடித்து, நுனியில் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு சொட்டு. பேப்பர் ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. சொட்டின் மேல் சில விநாடி மெல்ல ஒற்றி ஊறவிட்டு எடுங்கள். தேய்க்க வேண்டாம். பிறகு புதுப் பேப்பரில் ஆல்கஹால்: லென்ஸின் நடுவில் தொடங்கி சுருள் சுருளாக ஓரம் வரை ஒரே ஓட்டம், ஓரத்தில் தூக்கிவிடுங்கள். அதே பேப்பரை மறுபடி நடுவுக்குக் கொண்டுவராதீர்கள். பேப்பர் போகும் வழியிலேயே ஈரம் ஆவியாக வேண்டும். பின்னால் ஈரக்கோடு நின்றால் ஆல்கஹால் அதிகம். இரண்டு மூன்று பேப்பரில் வேலை முடியும்.

லென்ஸ் மேல் நேரடியாகச் சொட்டு விட்டால் அது ஓர வளையத்தின் இடுக்கில் இறங்கும். அப்படி உள்ளே போன கறையை வெளியிலிருந்து எடுக்கவே முடியாது.

ஸ்கிரீனிங் ஒருங்கிணைப்பாளர், சேலம்

எங்கள் செக்லிஸ்ட்டில் தினமும் காலையில் லென்ஸை ஆல்கஹாலில் துடைக்க வேண்டும் என்றிருக்கிறது. வாயால் ஊதி ஆவி படியவைத்துத் துடைப்பதும் வழக்கம். இரண்டும் தவறா?

பயோமெடிக்கல், மதுரை

தினமும் எடுக்க வேண்டியது கறுப்புப் படம். அது சுத்தமாக இருந்தால் லென்ஸைத் தொடவே வேண்டாம், ஒவ்வொரு துடைப்பும் கோட்டிங்குக்குத் தேய்மானம். வாயால் ஊதினால் எச்சில் துளியும் சேர்ந்து விழும். செக்லிஸ்ட்டை மாற்றச் சொல்லுங்கள். விழித்திரை அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி கருவியின் முன் லென்ஸுக்கும் இதே முறைதான்; அதில் அழுக்கு சேர்ந்தால் சிக்னல் குறையும்.

ஆப்டோமெட்ரிஸ்ட், நெல்லை

கண்ணுக்குள்ள நீர் வடியும் கோணத்தைப் பார்க்க கண்ணைத் தொடும் கோனியோ லென்ஸுக்கு மட்டும் இதைச் செய்யாதீங்க. அக்ரிலிக் பாகம் ஆல்கஹால் பட்டா மயிரிழை மாதிரி விரிசல் விடும். வெதுவெதுப்பான தண்ணி, மிதமான சோப்பு, அப்புறம் கையேட்டுல சொன்ன கிருமிநீக்கி.

விஷன் சென்டர், நாகை

வெள்ளைப் புள்ளியும் தீற்றலும் போய்விட்டன, கறுப்புப் படம் சுத்தம். மிக்க நன்றி. கறுப்புப் புள்ளிக்கு முன்பக்க வளையத்தைக் கழற்றிப் பார்க்கலாமா? கடலோர ஊர் என்பதால் பூஞ்சை பயமும் இருக்கிறது.

பயோமெடிக்கல், மதுரை

கழற்றாதீர்கள். சென்சார் பின்பக்கம் இருக்கிறது. முன் வளையத்தைத் திறந்தால் லென்ஸின் மையமும் இடைவெளியும் மாறிவிடும். ஃப்ளாஷ் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பல நூறு வோல்ட் தேக்கி வைத்திருக்கும், ஆள் உயிருக்கே ஆபத்து. இன்ஜினியர் வரும்வரை அந்தப் புள்ளியின் இடத்தை ஒரு படத்தில் வட்டமிட்டு, படம் பார்க்கும் டாக்டருக்கு அனுப்பி வையுங்கள். மைக்ரோஅனியூரிசம் (நுண் ரத்தக்குழாய்ப் புடைப்பு) என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

பூஞ்சைக்கு: டார்ச்சில் கிளை கிளையாக இழை ஓடினால் பூஞ்சை. அது சுரக்கும் அமிலம் கோட்டிங்கை அரிக்கும், எனவே காத்திருக்காமல் சர்வீஸுக்குச் சொல்லுங்கள். ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் அளக்கும் கருவி) ஒன்று வைத்து அறை ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். சூடாக இருக்கும்போதே பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். ஆறிய பிறகு உறை, அதற்குள் கால் கிலோ சிலிக்கா ஜெல். ஆரஞ்சு ஜெல் பச்சையானால் ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் நிறம் திரும்பும். முகாமுக்கு எடுத்துப் போகிறீர்கள் என்றால், ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுபோன கேமராவை ஒரு மணி நேரமாவது பெட்டியைத் திறக்காமல் வைத்திருங்கள், லென்ஸில் நீர் கோக்காது.