நார்வே எண்ணெயையும் கல்குவாரியையும் பிரிக்க வழி உண்டா?

வணக்கம். சிங்கப்பூரில் பகுதிநேரமாகப் படிக்கிறேன். சுரங்கம், கல்குவாரித் தொழில்கள் கட்டும் சுற்றுச்சூழல் வரியை நாடுவாரியாக ஒப்பிடும் புராஜெக்ட், அடுத்த வாரம் கொடுக்க வேண்டும். யூரோஸ்டாட் (ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகம்) அட்டவணையை எக்செல்லில் இறக்கி, 2010-லிருந்து வரைபடம் போட்டால் நார்வே மட்டும் பனைமரம் மாதிரி நிற்கிறது, மற்ற நாடுகள் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன.

காரணம் தெரியும். அந்த அட்டவணையில் சுரங்கம், கல்குவாரித் தொழில்களுக்கான 'பி' பிரிவில் நிலக்கரி, உலோகத்தாது, ஜல்லி மணலோடு எண்ணெய், எரிவாயுவும் சேர்ந்தே வருகிறது. நார்வே 1991 முதல் கடலுக்குள் இருக்கும் எண்ணெய், எரிவாயுத் தளங்களிடம் கார்பன் வரி வாங்குகிறது.

வரியை, தொழிலின் மதிப்புக்கூட்டலால் (உற்பத்தி மதிப்பில் வாங்கிய பொருள், சேவைச் செலவு போக மிச்சம்) வகுத்துப் பார்த்தேன், எண்ணெய்ப் பணம் வகுக்கும் எண்ணையே ஊதிவிடுவதால் விகிதம் எதையும் காட்டவில்லை. ராயல்டியைச் சேர்க்கலாம் என்றார் ஒரு நண்பர், ஆனால் அது வரியே இல்லை, நிலத்தடி வளத்துக்கான வாடகை என்றுதான் தேசியக் கணக்கில் வருகிறது. நார்வேயைத் தூக்கிவிடு என்கிறார்கள் குழுவில், எனக்கு மனசில்லை, சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது. பிரிட்டனில் 2002-லிருந்து மணல், ஜல்லிக்கு டன் கணக்கில் தனி லெவி (வரி) இருப்பதால் அது சுலபம். நம்மூரை ஒப்பிடவும் முடியாது, புலாவ் ஊபின் தீவின் குவாரிகளையே மூடி ரொம்ப காலமாகிவிட்டது.

யூரோஸ்டாட்டில் எனக்குக் கிடைத்தது 'பி' என்ற ஒரே வரிசைதான், அதற்குக் கீழே உட்பிரிவு இல்லை. நார்வேக்கு எண்ணெய், எரிவாயுவைத் தனியாகவும் கல்குவாரியைத் தனியாகவும் பிரித்த வரித் தரவு எங்கே கிடைக்கும்?