எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் பழுதானாலும் பொற்றாசியம் ஏன் குறைகிறது?

வன்னிமகள்:
இரண்டாம் எம்பிபிஎஸ் சோதனைக்குச் சிறுநீரகம் மீட்டுக்கொண்டிருக்கிறம். சிறுநீரகம் திடீரென்று பழுதானால் பொற்றாசியம் ஏறும் என்றுதானே படிச்சம்? பயிற்சித் தாளில் இரண்டு நோயாளிகள். ஒருவர் காலபோக அறுவடை முடிய, காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்போடு வந்த விவசாயி: கிரியற்றினின் (சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் தேங்கும் கழிவு) 320, பொற்றாசியம் 3.1, நாளுக்குச் சிறுநீர் 2 லீற்றர். மற்றவர் வரம்பில் புடையன் (கண்ணாடி விரியன்) கடித்தவர்: கிரியற்றினின் 340, பொற்றாசியம் 6.4, சிறுநீர் 150 மில்லிலீற்றர். ஏன் இந்த வித்தியாசம்?

இன்னொன்று: முதலாமவரின் சோடிய வெளியேற்ற வீதத்தை (வடிகட்டப்பட்ட சோடியத்தில் சிறுநீரில் போகும் பங்கு) கணக்குப் பார்த்தால் எனக்கு 3556 வருகுது. சிறுநீர் சோடியம் 60, இரத்தச் சோடியம் 135, சிறுநீர் கிரியற்றினின் 4.

கடைவயல்:
தங்கச்சி, வடிகட்டப்பட்ட பொற்றாசியம்தான் சிறுநீரில் போகுது என்று நினைக்கிறதாலதான் இந்தக் குழப்பம். நாளுக்கு 180 லீற்றர் வடிகட்டப்படுகுது. லீற்றருக்கு 4 மில்லிமோல் என்றால் 720. அதில் மூன்றில் இரண்டு பங்கை அண்மைச் சிறுகுழாய் (வடிகட்டியதும் வரும் முதல் பகுதி) எடுத்துவிடும். கால்வாசியை ஹென்லே வளைவின் தடித்த ஏறுபுயம் எடுக்கும். கீழே வந்து சேருறது கொஞ்சம்தான். நாங்கள் வெளியேற்றுகிற பொற்றாசியத்தில் பெரும்பங்கு, சேகரிக்கும் கானில் (குழாயின் கடைசிப் பகுதி) உள்ள முதன்மைக் கலங்கள் புதிதாகச் சுரந்தது.

அந்தச் சுரப்பைக் கூட்டுறது மூன்று: அங்கே வந்து சேரும் சோடியம், பாய்மத்தின் ஓட்டம், அல்டொஸ்டிரோன் என்ற ஓமோன். சோடியம் ஈநாக் என்ற சோடியக் கால்வாய் வழியாகக் கலத்துக்குள் போகப் போகக் குழாயின் உட்பக்கம் எதிரேற்றம் அடையும். அந்த இழுப்பில் பொற்றாசியம் ரோம்க் கால்வாயால் வெளியே வரும்.

எலிக்காய்ச்சல் முக்கியமாக அடிக்கிறது அண்மைச் சிறுகுழாயையும் இடையிழையத்தையும். அண்மையில் சோடியம் உறிஞ்சுகிற என்எச்ஈ3, ஏறுபுயத்தில் அதே வேலை செய்கிற என்கேசிசி2 என்ற கடத்திகள் இரண்டும் மந்தமாகும். சேகரிக்கும் கான் ஏடிஎச்சுக்குச் (தண்ணியைத் திரும்பி எடுக்கவைக்கும் ஓமோன்) சரியாக இணங்காது, அதனால் தண்ணியும் திரும்பி எடுபடாது. வாய்க்கால் தலைப்பில் இருக்கிற வயல்கள் தண்ணி மறிக்காவிட்டால் கடைவயலில் வெள்ளம் நிற்குமே, அதேதான். கடைசியில் இருக்கிற கலங்களுக்குச் சோடியம் அள்ளிக் குவியுது. அவற்றின் பொற்றாசியச் சுரப்பு பழுதாகாமல் இருப்பதால் பொற்றாசியத்தைத் தாராளமாகச் சுரக்குது. கிரியற்றினின் ஏறும், சிறுநீர் போகும், பொற்றாசியம் இறங்கும்.

புடையன் கடித்தவருக்கு வாய்க்காலே வறண்டுபோச்சு. கீழே சோடியமும் இல்லை, ஓட்டமும் இல்லை, சுரக்க வழியில்லை. சிதைந்த செங்குழியங்கள் தங்களுக்குள் இருந்த பொற்றாசியத்தையும் கொட்டும். அமிலமும் தேங்கும். 6.4 அப்படித்தான் வந்தது.

ஒன்று கவனம்: எலிக்காய்ச்சல் நோயாளிக்குச் சிறுநீர் நின்றுவிட்டால் அவருக்கும் பொற்றாசியம் ஏறும். “எலிக்காய்ச்சல் என்றால் குறைவு” என்று மட்டும் பாடமாக்கினால் சரி/பிழைக் கேள்வியில் அடுத்த கூற்றிலேயே மாட்டுவீங்கள்.

முத்தையன்கட்டு78:
கணக்கு: உங்கட சூத்திரம் சரி, அலகு பிழை. இரத்தக் கிரியற்றினின் 320 மைக்ரோமோல், சிறுநீரில் 4 மில்லிமோல். 4ஐ 4000 ஆக்குங்கோ. (60 × 320) ÷ (135 × 4000) × 100 = 3.6 வீதம். விடை 100ஐத் தாண்டினாலே அலகைப் பாருங்கோ.

1 வீதத்துக்குக் கீழே என்றால் குழாய் நலமாக இருக்குது, இரத்த ஓட்டம்தான் காணாது. 2க்கு மேலே என்றால் குழாய்க்கே பழுது. ஃபுருசமைட் (சிறுநீரைக் கூட்டும் மருந்து) கொடுத்த பிறகு எடுத்த சிறுநீரில் இதை நம்பக்கூடாது, மருந்தே சோடியத்தை வெளியே தள்ளும். அப்போது யூரியாவை வைத்துப் பார்க்கிறது: 35 வீதத்துக்குக் கீழே இருந்தால் ஓட்டக் குறைவு.

செட்டிகுளம்_ப:
அந்த விவசாயிக்கு 3.1 வாந்தியாலயும் வந்திருக்கலாமே? எலிக்காய்ச்சலில் வாந்தி இருக்கும்.

கடைவயல்:
பங்கு இருக்கலாம். ஆனால் இரைப்பைச் சாற்றில் பொற்றாசியம் லீற்றருக்கு ஏறக்குறைய 10 மில்லிமோல்தான். வாந்தியில் குறைகிறதும் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான்: பைகாபனேற்று (இரத்தத்தின் காரம்) சிறுநீரில் போகும், அல்டொஸ்டிரோன் ஏறும். அப்படியென்றால் இரத்தம் காரமாக இருக்கவேணும். சிறுநீர் 2 லீற்றர் போகாது, உடம்பு வறண்டு குறைஞ்சிருக்கும். தாளில் பைகாபனேற்று தந்திருந்தால் முதலில் அதைப் பாருங்கோ.

முத்தையன்கட்டு78:
புடையன் பக்கத்தையும் முடிச்சுவிடுறன், வைவாவில் (வாய்மொழிச் சோதனையில்) கேட்கிற இடம். நஞ்சில் உள்ள நொதிகள் உறைகாரணி 10ஐயும் 5ஐயும் நேரே தூண்டும். திரொம்பின் பெருகும், இரத்தம் உறையத் தேவையான புரதமான பைபிரினோஜன் செலவாகித் தீரும். சிறு பைபிரின் கட்டிகள் சிறுநீரக நுண்குழாய்களை அடைக்கும். இரத்த அழுத்தம் விழும். செங்குழியம் சிதைந்து வரும் ஹீமோகுளோபின் குழாயை நோகடிக்கும். கட்டியும் உண்டு, இரத்தப்போக்கும் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி என்று கேட்டால், உறையவேண்டிய பொருள் செலவாகி முடிந்தது என்பதுதான் விடை.

20 நிமிட உறைவுச் சோதனை: 2 மில்லிலீற்றர் நாள இரத்தம், சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாய், 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து ஒரே ஒரு தரம் சரிக்கவேணும். இரத்தம் வழிந்தால் உறையவில்லை. பிளாஸ்ரிக் குழாயோ, சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவிய குழாயோ என்றால் நல்ல இரத்தமும் உறையாமல் கிடக்கும், ஏனென்றால் காரணி 12ஐத் தூண்டுறது கண்ணாடியின் மேற்பரப்பு.

நஞ்செதிர்ப்பி கொடுத்து அரை மணியில் திரும்பச் சோதித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று எழுதாதேங்கோ. அது நஞ்சை மட்டும்தான் கட்டும். பைபிரினோஜனை ஈரல் புதிதாகச் செய்யவேணும். அதனால்தான் மறுசோதனை 6 மணித்தியாலத்துக்குப் பிறகு.

வன்னிமகள்:
அலகை மாற்றிப் போட்டன், 3.6 வந்தது. இரண்டாமவருக்கு ஈசிஜியில் கூரான ரீ அலை, அகன்ற கியூஆர்எஸ் என்று தந்திருக்குது. கல்சியம் குளுக்கோனேற்று பொற்றாசியத்தைக் குறைக்குமா?

கடைவயல்:
குறைக்காது. 6.4 அப்படியே 6.4தான். இதயத்தசைக் கலத்தின் ஓய்வழுத்தம் தொடக்க எல்லைக்குக் கிட்டப் போய்விட்டது. கல்சியம் அந்த எல்லையைத் தூரத் தள்ளிவைக்கும், அவ்வளவுதான். நிமிடக் கணக்கில் வேலை செய்யும், கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதற்குள் இன்சுலினும் குளுக்கோசும் கொடுத்துப் பொற்றாசியத்தைக் கலத்துக்குள் தள்ளவேணும். உடம்பை விட்டு வெளியே எடுக்கிறதென்றால், இவருக்குச் சிறுநீர் 150தான் போகுது, டயலிசிஸ்தான் வழி.