‘மறையீடு’ வேண்டாம், ‘மறைத்தளிப்பு’ சரிப்படுமா?

குழுவினருக்கு வணக்கம்.

ரிடாக்‌ஷனுக்குத் (ஆவண நகலில் தரக்கூடாத பகுதியை மட்டும் கறுப்படித்து மறைத்துத் தருவதற்கு) தமிழ்ச்சொல் கேட்டுத் திருவாரூர் அம்மா தொடங்கிய இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். வயலில் நடவு, எழுத நேரமில்லை. இன்று மழை பிடித்துக்கொண்டது. அதனால் மடல் கொஞ்சம் நீளும்.

> ‘மறையீடு’ என்றால் என்ன? முறையீடு, முதலீடு மாதிரி வாயில் நிற்கும்.

வாயில் நிற்கும் ஐயா, தகவல் உரிமை மனுவில் நிற்காது. தகவல் மறுக்கப்பட்டால் நாம் அடுத்துப் போவதே மேல்முறையீட்டுக்குத்தான். ‘மறையீட்டை எதிர்த்து முறையீடு’ என்று தட்டச்சு செய்யும்போது ஓர் உகரம் தவறினால் மனுவே தலைகீழ்.

> வரிமறைப்பு, கருமறைப்பு, மையிடல்: மூன்றில் ஒன்று?

முதலாவதைக் கேட்டால் வருமான வரிக்காரர் வந்து நிற்பார். இரண்டாவது பிரசவ ஆஸ்பத்திரியை நினைவூட்டுகிறது. மையிடலும் வேண்டாம். கும்பகோணம் பக்கம் வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பது காணாமல்போனதைத் தேட. இங்கே மை போடுவது இருப்பதைக் காணாமலாக்க!

என் கதையைச் சொன்னால் நான் எங்கே இடறுகிறேன் என்று தெரியும். போன வருஷம் சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. நிவாரணப் பட்டியலில் எங்கள் ஊரில் எந்தப் புல எண்ணுக்கு எவ்வளவு பரப்பு, யார் பெயரில் என்று கேட்டு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். 28ஆம் நாள் பதில் வந்தது, நாலு பக்கம். பெயர்ப் பத்தி முழுக்கத் தடித்த கறுப்புப் பேனா இழுத்திருந்தது. என் புல எண் இருக்கிறது, அதற்கு நேரே என் பெயரும் கறுப்பு. என் பெயரை என்னிடமிருந்தே காப்பாற்றியிருக்கிறார்கள். சரி என்று தாளைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மை அடித்த பிறகு மறுபடி ஜெராக்ஸ் எடுக்காமல் அதையே அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. அடுத்த வீட்டுப் பெரியப்பாவின் பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. பிடிஎஃப்பிலும் இதே கூத்து உண்டு. எழுத்தின் மேல் வெறும் கறுப்புக் கட்டம் வரைந்து அனுப்பினால், அந்த இடத்தை நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டியதும் அடியில் இருப்பது அப்படியே வந்துவிடும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 10ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஓர் ஆவணத்தில் தரக்கூடாத பகுதி இருந்தால், அதைப் பிரித்து வைத்துவிட்டு மற்றதைத் தரலாம். பகுதிதான் தருகிறோம், காரணம் இது, முடிவெடுத்தவர் இன்னார், மேல்முறையீடு இங்கே என்று மனுதாரருக்கு எழுதியும் சொல்ல வேண்டும். அந்தப் பிரிவின் நோக்கமே கொடுப்பதுதான். முழு ஆவணத்தையும் மறுக்காமல் இருப்பதற்குத்தான் அந்த மறைப்பு. நாம் இதுவரை அடுக்கிய சொற்கள் எல்லாம் மறைப்பதோடு நின்றுவிடுகின்றன.

‘நீக்கம்’ இன்னும் மோசம். பட்டாவில் பெயர் நீக்கம் என்றால் பதிவேட்டிலிருந்தே போய்விட்டது என்று அர்த்தம். ‘அடித்தல் திருத்தல்’ என்பதும் மூலத்தில் கை வைப்பது. இங்கே மூலப் பதிவேடு அலமாரியில் முழுசாக இருக்கிறது, நமக்கு வரும் நகலில்தான் மறைப்பு.

அதனால் என் முன்மொழிவு: மறைத்தளிப்பு. மறைத்து அளிப்பது. பெயரடையாக ‘மறைத்தளித்த நகல்’. நீளம் என்பீர்கள், வாக்களிப்பைவிட ஓரெழுத்துத்தான் கூடுதல். ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். ‘கணக்கு எண் மறைத்தளிக்கப்பட்டது’ என்று எழுத முடியாது, எண்ணைத்தான் அளிக்கவே இல்லையே. ஆவணத்துக்கு மறைத்தளிப்பு, அதற்குள் இருக்கும் எண்ணுக்குச் சும்மா ‘மறைக்கப்பட்டது’. இந்த இரட்டை ஏற்பாடு சிலருக்குப் பிடிக்காமல் போகலாம்.

இப்போதே சொல் வேண்டும் என்று நான் அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவல் பற்றிய 8(1)(ஞ) உட்பிரிவை 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தியது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பொதுப்பணியோடு தொடர்பில்லாத விவரம் என்ற பழைய வரையறை போய், இப்போது தனிநபர் விவரம் என்றாலே மறுக்க வழி இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) மட்டும் அப்படியே இருக்கிறது. கறுப்புப் பேனாவுக்கு இனி வேலை அதிகம்.

(உட்பிரிவு ஆங்கிலத்தில் ஜே. அதை ‘ஞ’ என்று எழுதுவது சரிதானா என்பதை வேறு இழையில் வைத்துக்கொள்வோம், இங்கே சண்டை வேண்டாம்.)

அப்புறம், தாளில் விழும் அந்தக் கறுப்புக் கோட்டுக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘கறுப்புப் பட்டை’ என்றேன், பையன் கராத்தேயா என்கிறான். திருவாரூர் அம்மா, நீங்கள் முப்பது வருஷம் வருவாய்த்துறையில் இருந்தவர். நகல் பிரிவில் இதை என்னவென்று சொல்வீர்கள்?