சனிவார்வாடாவில் பௌர்ணமி இரவில் கேட்கும் குரல்: பத்து வயதுப் பையனுக்கு என்ன சொல்வது?

கோவை ரேவதி கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கணவருக்கு வேலை மாற்றலாகி இந்த வருஷம்தான் புனே வந்திருக்கிறோம். மகனுக்குப் பத்து வயது. பள்ளி வேனில் பெரிய பையன்கள் யாரோ அவனிடம் சனிவார்வாடா கதையைச் சொல்லியிருக்கிறார்கள். பௌர்ணமி ராத்திரியில் அந்தக் கோட்டைக்குள் ஒரு பையன் "காகா, மலா வாச்வா" என்று கத்திக்கொண்டே ஓடுவானாம். சித்தப்பா, என்னைக் காப்பாத்துங்க என்று அர்த்தம். அன்றிலிருந்து தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறான். காலண்டரில் பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்து வட்டம் போட்டு வைத்திருக்கிறான். அடுத்த மாதம் பள்ளியிலேயே அந்தக் கோட்டைக்குக் கூட்டிப்போகிறார்கள், அதற்கும் வரமாட்டானாம்.

"பேயெல்லாம் கிடையாதுடா" என்று சொன்னேன். "அப்போ அந்தப் பையனைக் கொன்னதும் பொய்யாம்மா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. மராத்தியர் வரலாறு என்றால் எனக்கு சிவாஜி வரைக்கும்தான். உண்மையிலேயே அங்கே கொலை நடந்ததா? யார் அந்தப் பையன்? ஒரு குழந்தைக்கு இதில் எவ்வளவு சொல்லலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணப்பாறை சரவணன்:

அக்கா, நான் ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கிறேன். எங்கள் அறையில் இருக்கும் மராத்திப் பையன்கள் எல்லோரும் இந்தக் கதையை நம்புகிறார்கள். ராத்திரி அந்தப் பக்கம் வண்டியில் வந்தால்கூட ஒருத்தன் வாய்க்குள் மந்திரம் சொல்லிக்கொண்டே வருவான். நடந்தது நிஜமான கொலை என்று அவர்களே சொன்னார்கள், முழு விவரம் எனக்குத் தெரியாது. பயந்த பிள்ளையைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போக வேண்டாம் என்பது என் எண்ணம். ராத்திரி படுக்கும்போது நெற்றியில் விபூதி பூசிவிடுங்கள், நிம்மதியாகத் தூங்குவான்.

கிர்க்கி சுந்தரம்:

ரேவதிம்மா, கிர்க்கி தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டவன் நான். சனிவார்வாடாவுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போவேன். உங்கள் பையன் கேட்டது சரியான கேள்வி. அந்தக் கொலை பொய் இல்லை. 1773 ஆகஸ்ட் 30. கணேச உற்சவ நாட்கள். இறந்தவர் பெயர் நாராயண்ராவ். பதினெட்டு வயது. மராத்தியப் பேரரசை நடத்திய பேஷ்வா, அதாவது தலைமை மந்திரி, அவர்.

கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் புரியும். கோட்டையைக் கட்டியவர் முதலாம் பாஜிராவ். 1730 ஜனவரி 10, ஒரு சனிக்கிழமை, அடிக்கல் போட்டார்கள். பெயரும் அதனால்தான். 1732-ல் புதுமனை புகுந்ததும் சனிக்கிழமைதான். பாஜிராவின் மூத்த மகன் நானாசாகேப், அடுத்த மகன் ரகுநாத்ராவ். நானாசாகேபுக்கு மூன்று பிள்ளைகள். பெரியவன் விஸ்வாஸ்ராவ் 1761 ஜனவரியில் பானிபட் போரில் செத்தான். அந்தத் துக்கம் தாங்காமல் அதே வருஷம் அப்பாவும் பர்வதி மலையில் கண்ணை மூடினார். இரண்டாவது பிள்ளை மாதவ்ராவ் பதினாறு வயதில் பேஷ்வா ஆகி, சரிந்து கிடந்த ராஜ்ஜியத்தை நிமிர்த்தி வைத்தார். அவரையும் காசநோய் கொண்டுபோனது. 1772 நவம்பரில், இங்கே பக்கத்தில் இருக்கும் தேவூர் பிள்ளையார் கோயிலில் இறந்தபோது அவருக்கு இருபத்தேழு வயது. தம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சித்தப்பா ரகுநாத்ராவிடம் கேட்டுக்கொண்டுதான் போனார் என்பார்கள்.

அந்தத் தம்பிதான் நாராயண்ராவ். ஒன்பது மாதம்கூடப் பதவியில் முழுதாக இருக்கவில்லை. சித்தப்பாவுக்குப் பேஷ்வா பட்டத்தின் மேல் கண், அது ஊருக்கே தெரியும். நாராயண்ராவ் அவரை அதே சனிவார்வாடாவுக்குள் காவலில் வைத்திருந்தார். இருவரும் ஒரே கூரைக்குக் கீழே. அரண்மனைக் காவலுக்கு இருந்த கார்தி என்ற கூலிப்படைக்குச் சம்பளப் பாக்கி. அவர்களைப் பிடித்துக்கொண்டார் ரகுநாத்ராவ்.

இங்கே ஒரு விஷயத்தை உங்கள் மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள். கொலை நடந்தது பௌர்ணமி நள்ளிரவில் இல்லை. பட்டப்பகல். மத்தியான நேரம். சுமேர் சிங் கார்தி தலைமையில் ஆட்கள் சம்பளம் கேட்கிற சாக்கில் உள்ளே புகுந்தார்கள். நாராயண்ராவ் ஓடிப்போய்ச் சேர்ந்த இடம் சித்தப்பாவின் அறை. அவரையே கட்டிக்கொண்டு கெஞ்சினார். அங்கேயே வெட்டினார்கள். சாபாஜி டிளேகர் என்ற வேலைக்காரர் மேலே விழுந்து மறைத்தார், அவரையும் வெட்டினார்கள். வேலைக்காரப் பெண்களும் செத்தார்கள். பேய்க்கதை சொல்கிறவர்கள் யாரும் இவர்களைச் சொல்வதே இல்லை, எனக்கு அதுதான் மனசு ஆறாத விஷயம். தன் உயிரைக் கொடுத்து அந்தப் பிள்ளையைக் காப்பாற்றப் பார்த்த சாபாஜியின் பெயர் அல்லவா பள்ளி வேனில் புழங்க வேண்டும்?

இன்னொன்று. ஓடிய கூடமும் இன்றைக்கு இல்லை, வெட்டிய அறையும் இல்லை. கல்லால் கட்டியது அடித்தளமும் மதிலும்தான், மேலே இருந்த மாடிகள் எல்லாம் செங்கலும் தேக்கு மரமும். 1828 பிப்ரவரி 27-ல் பிடித்த தீ ஒரு வாரம் எரிந்தது. மாடங்கள், ரங்கமகால்கள், அத்தனையும் சாம்பல். இன்று உள்ளே போனால் புல்தரை, பூச்செடி, வரிசை வரிசையாக அஸ்திவாரக் கற்கள். நிழலுக்குக்கூட மரத்தடிதான் தேட வேண்டும். இருண்ட தாழ்வாரத்தில் ஒரு பையன் ஓடுவதாக உங்கள் பிள்ளை மனதில் கற்பனை செய்து வைத்திருப்பான். அந்தத் தாழ்வாரம் எரிந்துபோய் இருநூறு வருஷம் ஆகப்போகிறது. ஒரு தடவை வெயிலில் நின்று பார்த்தான் என்றால் அந்தப் படம் தானே கலைந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், போகாதே என்று நிறுத்தாதீர்கள். சரவணன் தம்பி அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் போகாத இடத்தில்தான் பயம் வளரும்.

ஈஸ்ட்ஹாம் மேகலா:

சுந்தரம் ஐயா எழுதியதைப் படித்ததும் லண்டன் கோபுரக் கோட்டை ஞாபகம் வந்தது. இங்கேயும் அதே மாதிரிதான், சித்தப்பாவும் அண்ணன் பிள்ளைகளும். 1483-ல் நான்காம் எட்வர்டு இறந்ததும் அவருடைய பன்னிரண்டு வயது மகன் ஐந்தாம் எட்வர்டும், ஒன்பது வயதுத் தம்பி ரிச்சர்டும் கோட்டைக்குள் தங்க வைக்கப்பட்டார்கள். சித்தப்பா மூன்றாம் ரிச்சர்டு என்ற பெயரில் முடிசூடிக்கொண்டார். பிள்ளைகளை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. 1674-ல் ஒரு படிக்கட்டை இடிக்கும்போது சின்ன எலும்புகள் கிடைத்தன, இரண்டாம் சார்லஸ் மன்னர் அவற்றை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வைக்கச் சொன்னார். வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பிள்ளைகள் கைகோத்து நிற்பதாக இங்கேயும் கதை உண்டு.

என் மகளை முதல் தடவை கூட்டிப்போனபோது அவளுக்கும் உங்கள் மகன் வயதுதான். அவள் பேயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவங்க அம்மா எங்க இருந்தாங்க?" என்றுதான் கேட்டாள். அம்மா எலிசபெத் உட்வில் சின்னவனை வெஸ்ட்மின்ஸ்டரில் அடைக்கலமாக வைத்திருந்தார், வற்புறுத்தி வாங்கிப்போனார்கள் என்று சொன்னேன். வீடு வரும் வரைக்கும் என் கையை விடவே இல்லை. குழந்தைகள் இதையெல்லாம் தாங்குவார்கள் ரேவதி, நாம் பக்கத்தில் இருந்து சொன்னால் போதும்.

கோவை ரேவதி:

சுந்தரம் ஐயா, மிக்க நன்றி. மேகலா, உங்களுக்கும். வெட்டிய விவரத்தைக் குறைத்து மிச்சத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். மதியம்தான் நடந்தது என்றதும் முகமே மாறிவிட்டது. சாபாஜி பெயரை இரண்டு தடவை சொல்லச் சொன்னான்.

இப்போது வேறு கேள்விகள். ஒன்று அவனுடையது: "அந்தச் சித்தப்பாவுக்கு என்ன தண்டனை கொடுத்தாங்க?" இன்னொன்று என்னுடையது. எதிர் வீட்டு ஆஜி (மராத்தியில் பாட்டி) சொன்னார், ரகுநாத்ராவ் பிடிக்கத்தான் சொன்னாராம், அவர் மனைவி ஆனந்திபாய் கடிதத்தில் ஒரே எழுத்தை மாற்றிக் கொல்லச் சொல்லிவிட்டாராம். அது உண்மையா?

கிர்க்கி சுந்தரம்:

முதலில் ஆஜி சொன்னது. மராட்டியம் முழுக்க அந்தக் கதை உண்டு. 'தராவே' என்றால் பிடிக்கவும், 'மாராவே' என்றால் கொல்லவும். முதல் எழுத்தை ஆனந்திபாய் திருத்தினார் என்பார்கள். சின்னத் திருத்தத்தால் காரியமே கெட்டால் "தாவை மா ஆக்கிட்டான்" என்கிற பழமொழியே இங்கே அதில்தான் வந்தது. அந்த எழுத்தை யார் மாற்றினாரோ இல்லையோ, எனக்கு இந்தக் கதை பிடிப்பதில்லைம்மா. பட்டத்துக்கு ஆசைப்பட்டது ரகுநாத்ராவ், படையை வளைத்தது அவர், கடைசியில் பேஷ்வாவாக உட்கார்ந்ததும் அவர். தன் காலடியில் பிள்ளையை வெட்டும்போது அந்த அறையில் இருந்தவரும் அவரே. பழியை ஒரே எழுத்தில் சுருக்கி மனைவி தலையில் போட்டுவிட்டால் மனுஷன் பாதி நல்லவனாகிவிடுகிறான். ஆஜியிடம் வாதாட வேண்டாம், வயசானவர். ஆனால் பையனிடம் இப்படியும் ஒரு பக்கம் உண்டு என்று சொல்லுங்கள்.

அடுத்து அவன் கேள்வி. பூனா தர்பாரில் ராமசாஸ்திரி பிரபுணே என்று ஒரு நீதிபதி இருந்தார். அவர் விசாரித்தார், பேஷ்வாவாகிவிட்ட ரகுநாத்ராவ்தான் குற்றவாளி என்று முகத்துக்கு நேரே சொன்னார். இதற்குப் பிராயச்சித்தம் என்ன என்று கேட்டதற்கு, உயிரைக் கொடுப்பதுதான் என்றாராம். சொல்லிவிட்டு, இந்த ஆட்சியில் வேலை பார்க்க மாட்டேன் என்று பதவியை விட்டு, வாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டார். கொலைகாரன் கையில் ராஜ்ஜியமே இருக்கும்போது ஒரு சம்பளக்கார நீதிபதி அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும், பாருங்கள். எனக்குச் சனிவார்வாடா என்றால் நினைவுக்கு வருகிற முதல் ஆள் அவர்தான்.

தீர்ப்பு நிறைவேறவில்லை. ஆனால் நாராயண்ராவின் மனைவி கங்காபாய் அப்போது கர்ப்பமாக இருந்தார். நானா பட்னாவிஸ் முதலான மந்திரிகள் சேர்ந்து அவரைப் புரந்தர் மலைக்கோட்டையில் பத்திரமாக வைத்தார்கள். 1774 ஏப்ரல் 18-ல் ஆண் குழந்தை பிறந்தது. நாற்பதே நாளில் அந்தக் குழந்தையைப் பேஷ்வா ஆக்கினார்கள். ரகுநாத்ராவ் ஓடிப்போய் ஆங்கிலேயரிடம் உதவி கேட்டு 1775-ல் சூரத்தில் ஒப்பந்தம் போட்டார். முதல் ஆங்கில-மராத்தியப் போர் அப்படித்தான் மூண்டது. 1782 வரை இழுத்தது. கடைசியில் உதவித்தொகை வாங்கிக்கொண்டு கோபர்காவில் ஒதுங்கி, 1783-ல் இறந்தார்.

அந்தக் குழந்தை சவாய் மாதவ்ராவ். உள்ளே இருக்கும் தாமரை வடிவ நீரூற்று, ஹசாரி காரஞ்சே, அவன் சின்னப் பிள்ளையாக இருக்கையில் அமைத்தது என்பார்கள். பதினாறு இதழ்கள். உங்கள் மகனை எண்ணச் சொல்லுங்கள். அவனும் 1795-ல் இதே அரண்மனை மாடியிலிருந்து விழுந்து இருபத்தொரு வயதில் இறந்தான். தவறி விழுந்தானா, குதித்தானா என்று இன்றும் வாதம் இருக்கிறது. இதைப் பையனுக்கு இப்போது சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்காகச் சொன்னேன். அதற்குப் பிறகு பட்டத்துக்கு வந்தது யார் தெரியுமா? ரகுநாத்ராவின் மகன் இரண்டாம் பாஜிராவ். 1817 நவம்பரில் சனிவார்வாடாவில் ஆங்கிலேயர் கொடி ஏறியது, அடுத்த வருஷம் பேஷ்வா ஆட்சியே முடிந்தது.

பள்ளியில் கூட்டிப்போவதற்கு முன்னால் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிறு காலையில் அவனைக் கூட்டிப்போய்விடுங்கள். வடக்குப் பார்த்த தில்லி தர்வாஜா வழியாக நுழைவீர்கள். யானை முட்டாமல் இருக்கக் கதவில் அடித்த இரும்பு முட்களை அவனுக்குக் காட்டுங்கள். கதவுக்கு மேலே உள்ள நகார்கானா என்ற முரசு மண்டபத்துக்குப் படி ஏறினால் உள்ளிருக்கும் அஸ்திவாரம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும், எந்த இடம் எது என்று அங்கிருந்து சொல்லலாம். அப்புறம் தெற்குப் பக்கம் நாராயண் தர்வாஜா என்று ஒரு சின்ன வாசல் இருக்கிறது. நாராயண்ராவின் உடலை அதன் வழியாகத்தான் வெளியே கொண்டுபோனார்கள், பெயர் அதனால் வந்தது. அவன் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீரும் எடுத்துப்போங்கள். திரும்பும் வழியில் தகடுசேட் பிள்ளையார் கோயில் நடக்கிற தூரம்தான், கூட்டம் சேரும் முன் தரிசனம் முடித்துவிடலாம்.